உறை போட்டாற்போலப் பிறந்த பிள்ளை: செதில் தோல் பற்றிய குறிப்புகள்

9 மார்ச் 2023, வந்த கேள்வி

"அண்ணாச்சி, மார்ச் 4 அன்று எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடம்பு முழுக்கப் பாலித்தீன் தாள் ஒட்டினாற்போல பளபளவென்று இருக்கிறது. இமை வெளியே திரும்பிச் சிவப்பாகத் தெரிகிறது, உதடும் அப்படியே. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கொலோடியன் பேபி என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி என் சொந்த அக்கா மகள். ஐந்தாம் மாதத்தில், தீபாவளிக்கு மறுநாள் கிரகணத்தன்று அவள் மீன் ஆய்ந்தாள், அதனால்தான் பிள்ளைக்குச் செதில் என்று என் அம்மா சொல்கிறார். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பிள்ளை பிழைக்குமா? இது எதனால்?"

9 மார்ச் 2023, இரவு 10.40

தம்பி, எனக்கு 41 வயது. நானும் அப்படித்தான் பிறந்தேன். இன்று சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைக்கு இந்தத் தோல்தான் என்பது கரு உருவானபோதே முடிவாகிவிட்டது. அது போன வருஷம் ஜூன் வாக்கில். கிரகணம் வந்தது அக்டோபர் 25. நாலு மாசம் முன்னாடியே எழுதியாகிவிட்டதை மீன் அரிவாள்மனை மாற்றாது.

என் அம்மாவுக்கும் ஒரு கதை கட்டினார்கள். அவருடைய அப்பா வரப்பில் நல்ல பாம்பை அடித்தாராம், அந்தப் பாவம் பேரனுக்குச் சட்டையாக வந்ததாம். அம்மா அதை முப்பது வருஷம் நம்பினார். அந்த முப்பது வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் வீட்டில் அதை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

பிள்ளை விஷயம். அந்த உறை தானாக உரியும். பத்து நாளில் உரிந்துவிடும். கையால் பிய்க்க யாரையும் விடாதீர்கள், மூலை தூக்கிக்கொண்டு நின்றாலும் கூட. அடியில் இருப்பது பச்சைத் தோல், கிருமி புகுந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் ஏற்றி வைத்திருப்பார்கள், அதுதான் இப்போது பெரிய மருந்து. இந்தத் தோல் உடம்புத் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஆவியாக விட்டுவிடும். தண்ணீர் குறையக் குறைய இரத்தத்தில் சோடியம் ஏறும், உடம்புச் சூடும் நிலையாக நிற்காது. தினமும் எடை பார்க்கிறார்களா, சோடியம் பார்க்கிறார்களா, பால் சப்ப முடிகிறதா, கண்ணுக்கு மருந்து விடுகிறார்களா என்று நாலு கேள்வி கேளுங்கள். கோபப்பட மாட்டார்கள்.

நான் பூசுவது: வெள்ளை வாசலினும் லிக்விட் பாரஃபினும் சரிபாதி. கிளிசரின். யூரியா கிரீம். குதிகால் வெடிப்புக்கு சாலிசிலிக் ஆசிட் களிம்பு, அது செதிலை நன்றாகக் கரைக்கும்.

10 மார்ச் 2023, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் இரண்டு பிழை. முதல் பிழை ஆபத்தானது, இதைப் படித்தவுடன் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலிசிலிக் ஆசிட் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். யூரியா கிரீமும் இப்போது வேண்டாம். பெரியவன் குதிகாலில் கொஞ்சம் தடவுவது வேறு. பச்சிளம் குழந்தைக்கு உடம்பின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், அந்தத் தோலும் ஓட்டைத் தோல். பூசியது நேரே இரத்தத்துக்குப் போகும், சாலிசிலேட் விஷமாகிவிடும். ஆஸ்பத்திரியில் பூசச் சொன்னதைத் தவிர எதுவும் கூடாது. வேப்பிலை மஞ்சள் அரைத்துக்கொண்டு யாராவது வருவார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பத்து நாள் என்றேன். அது என் அம்மா சொன்ன கணக்கு. இரண்டிலிருந்து நாலு வாரம் என்பதே சரி, சில பிள்ளைகளுக்கு இன்னும் இழுக்கும். உறை உரிந்த பிறகுதான் அடியில் என்ன வகை என்று தெரியும். பத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு அதன் பிறகு தோல் ஏறக்குறைய சாதாரணமாகவே ஆகிவிடும். மற்றவர்களுக்கு தகடு தகடாகச் செதில் படிகிற லேமெல்லர் இக்தியோசிஸ் என்கிற என் வகையோ, மெல்லிய வெள்ளைச் செதிலும் சிவப்புமாக வருகிற அதன் தங்கை வகையோ வரலாம். இப்போதைக்கு வகை தேடி இணையத்தில் படம் பார்க்க வேண்டாம். அங்கே போட்டிருப்பதெல்லாம் மிகக் கடுமையான பிள்ளைகளின் படம்.

12 மார்ச் 2023

"எதனால்" என்று கேட்டிருந்தீர்கள், நான் சுற்றி வளைத்துவிட்டேன்.

கூரை வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓலை எவ்வளவு அடுக்கினாலும் நார் போட்டுக் கட்டாவிட்டால் ஒழுகும். மேல்தோலில் அந்த நார் வேலையைச் செய்வது டிரான்ஸ்குளூட்டமினேஸ் 1 என்ற நொதி. புரதங்களை ஒன்றோடொன்று பின்னி, மேலே கொழுப்பையும் ஒட்டவைக்கிறது. அதற்கான டி.ஜி.எம்.1 என்ற மரபணு 14-வது குரோமோசோமில் இருக்கிறது. லேமெல்லருக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது இன்னும் பல மரபணுக்கள் தெரியும். நார் இல்லையென்றால் கூரை ஒழுகும். ஒழுகுகிறதே என்று உடம்பு மேலே மேலே ஓலை அடுக்கும். நம் செதில் அந்த ஓலை. அதை நோய் என்று சுரண்டி எடுத்தால் உடம்பு இன்னும் வேகமாக அடுக்கும். இது புரிந்த பிறகுதான் நான் தோலோடு சண்டை போடுவதை விட்டேன்.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டு பிரதியும் பழுதாக வந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குத் தோலில் எதுவும் தெரியாது, நீங்கள் இருவரும் அப்படித்தான். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது. ஒரே முன்னோரிடமிருந்து அதே பழுதான பிரதி இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு கூடுதல். என் அப்பாவும் என் அம்மாவுக்குத் தாய்மாமன்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். நீங்கள் செய்தது ஊரில் இல்லாத காரியம் அல்ல.

12 மார்ச் 2023, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால், மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்யாணத்தை வைத்துப் பழி போட்டதுபோல ஒலிக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இந்தப் பிள்ளை பிறக்கிறது. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்குப் பிறப்பதில்லை. பழுதான பிரதி எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. தங்கச்சியிடம் "நாம் கல்யாணம் பண்ணியதுதான் தப்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் ஒருமுறை விழுந்தது. அதன் பிறகு அப்பாவும் அம்மாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2 ஏப்ரல் 2023

உறை முக்கால்வாசி உரிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வெயில் வருதே, பிள்ளையை எப்படிக் காப்பாத்துவாங்க" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

அம்மா கேட்டதுதான் சரி. எங்கள் ஊரில் தோல் எப்படித் தெரிகிறது என்பதை விடச் சூடுதான் எதிரி. வியர்வைச் சுரப்பி இருக்கிறது, வேலையும் செய்கிறது, வாய்தான் செதிலால் அடைபட்டிருக்கிறது. வியர்வை வெளியே வராததால் உடம்பு ஆறாது. மே மாதத்தில் எனக்கு ஐந்து வயதில் 103 டிகிரி, காய்ச்சல் என்று போர்த்திப் படுக்க வைத்தார்கள். இன்னும் ஏறி, வலிப்பு வந்தது. காய்ச்சலே இல்லை அது, உடம்பு ஆறாத சூடு. ஆகவே:

பிள்ளை சிவந்து, மூச்சு வேகமாகி, சிணுங்கினால் துணியைக் கழற்றுங்கள், ஈரத்துணி போட்டு விசிறுங்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். தண்ணீர் தெளிக்கிற சின்ன ஸ்பிரே பாட்டில் வாங்குங்கள், சலூனில் வைத்திருப்பார்களே அது. நான் இன்றைக்கும் மேஜை மேல் ஒன்று வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் களிம்பைத் தடிமனாக அப்ப வேண்டாம், மெல்லிசாக அடிக்கடி பூசுங்கள்.

குளியல்: வெதுவெதுப்பான தண்ணீரில் நிதானமாக ஊறட்டும். சோப்பு வேண்டாம். துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே பூசிவிட வேண்டும். நான் தினமும் முக்கால் மணி நேரம் குளிக்கிறேன், மென்மையான நார்த்துணியால் தேய்க்கிறேன். அச்சகத்தில் காலை ஷிஃப்ட் எனக்குத் தோது இல்லாததற்கு அதுதான் காரணம், முதலாளிக்கும் தெரியும்.

3 ஏப்ரல் 2023

விட்டுப்போனது. சிவகாசிக்காரன் இதை மறந்ததற்கு வெட்கப்படுகிறேன். வாசலின், பாரஃபின் ஊறிய துணி நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடிக்கும். துவைத்தாலும் அந்த மெழுகு முழுசாகப் போகாது. பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதற்காக எச்சரிக்கை விட்டிருக்கிறது. எனக்குப் பத்து வயதில் கார்த்திகை விளக்கு ஏற்றும்போது சட்டைக் கை பற்றிக்கொண்டது. சித்தப்பா தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் இருந்ததால் முழங்கையோடு போயிற்று. பிள்ளைத் துணி, தொட்டில் சேலை எதுவும் அடுப்புப் பக்கம் காயவேண்டாம். சாம்பிராணி போடுகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

30 ஏப்ரல் 2023

பத்தியம் பற்றிக் கேட்டீர்கள். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் எனக்கு நிறுத்தினார்கள், அம்மாவுக்கும் நிறுத்தினார்கள். முழுக்கத் தப்பு. இந்தத் தோல் இரவும் பகலும் உரிந்துகொண்டே இருக்கிறது, உரிவதெல்லாம் புரதம். தண்ணீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களை விடச் சாப்பாடு அதிகம் வேண்டும். எடை ஏறாமல் நிற்பது சகஜம். தங்கச்சி எல்லாம் சாப்பிடட்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள்.

வைட்டமின் டி-யைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலுக்குப் பயந்து நம்மை உள்ளேயே வைத்து வளர்ப்பார்கள், செதிலும் வெளிச்சத்தை மறைக்கும். எனக்கு எட்டு வயதில் கால் வில்லாக வளைந்தது. "தோல் வியாதி எலும்புக்கு இறங்கிவிட்டது" என்று ஒரு வைத்தியர் சொன்னார். மூன்று வருஷம் கழித்துத்தான் அது ரிக்கெட்ஸ் என்று தெரிந்தது.

16 ஜூலை 2023

புற்றுமண் பூசலாமா என்று உங்கள் அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆடித்தபசு நெருங்குகிறது, கேட்பார்கள்தான்.

சங்கரன்கோவிலுக்கு என்னை வருஷா வருஷம் தூக்கிப்போனார்கள். புற்றுமண்ணைக் குழைத்து உடம்பெல்லாம் பூசுவார் அம்மா. காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்கும், மடிப்பெல்லாம் வெடித்து இரத்தம் வரும். நான் அலறுவேன், அம்மா அழுதுகொண்டே பூசுவார். வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லமும் கரைத்தோம். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. இப்போதும் கோமதியம்மன் சன்னதிக்குப் போகிறேன், மண்ணை நெற்றியில் மட்டும் இட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மாவிடம் அதையே சொல்லுங்கள். நெற்றியில் கூட வேண்டாம், பாப்பா பெயரைச் சொல்லித் தன் நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும்.

5 நவம்பர் 2023

காது. எட்டு மாதமாக எழுதியும் காதைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று இன்று காது டாக்டரிடம் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

செதில் காதுக் குழாயில் சேர்ந்து கட்டையாக அடைத்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்பு வரை நான் மந்தம் என்றே பெயர். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று. கடைசி பெஞ்சில், காது அடைத்து, எனக்கு என்ன கேட்கும்? ஒரு முகாமில் வந்த டாக்டர் இரண்டு காதிலிருந்தும் எடுத்துப் போட்டதைத் தட்டில் பார்த்தேன். வெளியே வந்தபோது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுப் பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் கணக்கில் 91 மார்க். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை காதைப் பாருங்கள், பிள்ளை பேசத் தாமதித்தால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள்.

21 ஜனவரி 2024

பிள்ளைக்கு ஆதார் எடுப்பது பற்றி. ஐந்து வயது வரை கைரேகை கேட்க மாட்டார்கள், பிறகு கேட்பார்கள். நம் விரலில் ரேகை செதிலுக்குள் புதைந்திருக்கும், மிஷின் படிக்காது. ரேஷன் கடையில் கைரேகை வந்த பிறகு அரிசி வாங்க நான் நாலு நடை நடந்தேன். கண் கருவிழி வைத்துப் பதியலாம் என்று பிறகுதான் சொன்னார்கள். கைரேகை கொடுக்க முடியாதவர்களுக்குக் கருவிழி மட்டுமே போதும் என்று போன டிசம்பரில் மத்திய அரசு தெளிவாக்கியிருக்கிறது. அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு நான் அலைந்தது வீண். 2016 சட்டத்தில் 21 வகை இருக்கிறது, நம்முடையது அதில் பெயராக இல்லை. கண்ணிலோ காதிலோ பார்வை, கேள்வி குறைந்தால் அந்த வழியில்தான் வரலாம். வாசலினுக்கும் கண் மருந்துக்கும் மாசாமாசம் ஆகிற செலவை யாரும் குறையாக எண்ணுவதில்லை. இதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

24 பிப்ரவரி 2024

நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு ஜெல் என்று இருக்கிறதே, அது நமக்கானது அல்ல. 2023 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது உண்மை. டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலிசிஸ் புலோசா என்ற இன்னொரு பரம்பரைத் தோல் நோய்க்கு. தொட்டாலே கொப்புளம் கிளம்பித் தோல் கழன்று வருகிற பிள்ளைகள் அவர்கள், 7-ம் வகைக் கொலாஜன் பழுது. ஆபத்தில்லாமல் மாற்றிய ஹெர்பிஸ் வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றிப் புண்ணில் வாரம் ஒருமுறை விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வலிக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கிடைத்ததற்கு மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

நமக்கு இருக்கிற மாத்திரை அசிட்ரெடின். 26 வயதில் ஆரம்பித்தேன். ஆறாவது வாரம், மதியம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், புருவத்தில் ஏதோ ஊர்கிறது. எறும்பு என்று தட்டினேன். விரல் நனைந்தது. வியர்வை! நெற்றியில் எனக்கு வியர்த்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் காட்டினேன், முந்தானையால் துடைக்கப் போய்க் கையை நிறுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆனால் அந்த மாத்திரைக்கு விலை உண்டு. உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் வரும், கொழுப்பு ஏறும், கல்லீரல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வருஷக்கணக்கில் எடுத்தால் எலும்பை ஒட்டிய தசைநாரிலும் கால்சியம் படியலாம். நிறுத்தினால் செதில் திரும்ப வரும். எனக்கு ட்ரைகிளிசரைடு ஏறியதால் இப்போது வெயில் காலத்தில் மட்டும், குறைந்த அளவில். நிறுத்தி மூன்று வருஷம் ஆகும்வரை இரத்ததானம் கூடச் செய்யக் கூடாது. உங்களுடையது பெண் பிள்ளை, ஆகையால் இதை இப்போதே மனதில் வையுங்கள். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து இது. நிறுத்தி மூன்று வருஷம் வரை கர்ப்பம் ஆகக் கூடாது, மது உள்ளே போனால் இன்னும் நீளும். வயதுக்கு வந்த பிறகு தேவைப்பட்டால், உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிற ஐசோட்ரெடினோயின் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

9 ஜூன் 2024

அடுத்த பிள்ளை பற்றித் தங்கச்சியே கேட்டிருக்கிறார், தனியாக. அவர் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

அப்பா அம்மா இருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. அதை எங்கள் வீட்டில் "ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று நன்றாக இருக்கும்" என்று புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை தங்கச்சி. ஒவ்வொரு முறையும் புதுசாக நாலில் ஒன்று. என் தம்பி நன்றாகப் பிறந்தது கணக்கு தீர்ந்ததால் அல்ல. பாப்பாவின் இரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து, எந்த எழுத்து பிழை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்க முடியும். ஹைதராபாத்தில் சி.டி.எஃப்.டி. என்ற மத்திய அரசு ஆய்வு மையம் போன்ற இடங்களில் மரபணுச் சோதனை உண்டு. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு, மூன்றாவது ஆள் வேண்டாம், நான் உட்பட.

பாப்பா பெரியவளாகிக் கல்யாணம் செய்தால்? அவள் அந்தப் பழுது இல்லாத ஒருவரைக் கட்டினால் பிள்ளைகள் யாருக்கும் நோய் வராது, ஒரு பிரதியை மட்டும் சுமப்பார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான். சொந்தத்திலேயே முறை தேடினால், அந்தப் பையனும் சுமப்பவனாக இருந்தால், பாதிக்குப் பாதி. என் மாமன் மகளை எனக்குப் பேசினார்கள், "வெளியில் யார் கொடுப்பாங்க" என்று. அம்மாதான் எழுந்து வேண்டாம் என்றார். அதே பாம்புக் கதையை முப்பது வருஷம் நம்பிய அம்மா.

11 ஜூன் 2024

கண் பற்றித் தங்கச்சி இன்னொன்று கேட்டார். இமை முழுக்க மூடாமல் தூங்குவதால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வைக்கே ஆபத்து. பகலில் சொட்டு, இரவில் கண் களிம்பு, ஒருநாளும் தவறக் கூடாது. இமையைச் சுற்றிக் களிம்பு பூசி மெல்லக் கீழிருந்து மேலாக நீவிவிடுங்கள். அம்மா எனக்கு ஏழு வயது வரை இரவில் எழுந்து எழுந்து விட்டார். அறுவை சிகிச்சை அவசரம் வேண்டாம், தோல் இழுக்கிறவரை திரும்பவும் வரும்.

3 ஆகஸ்ட் 2024

இன்று காலை வந்த செய்தி: "அண்ணாச்சி, நேற்று ராத்திரி பாப்பா இடது கண்ணை முழுசா மூடித் தூங்கினா. வலது கண் ஒரு நூல் அளவு திறந்திருந்தது. அவ அம்மா டார்ச் அடிச்சு மூணு தடவை பார்த்தா. எங்க அம்மாவும் எழுந்து வந்து பார்த்தாங்க."

களிம்பை நிறுத்த வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் போடுங்கள். என் அம்மாவிடம் சொன்னேன், "எந்தக் கண்ணு, எந்தக் கண்ணு" என்று இரண்டு முறை கேட்டார்.